நூற்றுப் பதினெட்டாம் புலத்தில் என்ன பயிர்

இது எனக்கு நடந்ததில்லை, மாரீஸ்வரி சொல்லிக் கேட்டது. மதுரையில் குரூப் நான்கு தேர்வுக்குப் படித்தபோது நானும் அவளும் இரண்டு வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தோம். இருவர் வீட்டிலும் நாங்கள்தான் முதல் பட்டதாரிகள். அதற்கென்று தாலுகா அலுவலகத்தில் தருகிற சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தோம். இப்போது அவள் காவிரியின் கடைமடையில், கடலுக்குப் பக்கமாக ஒரு கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர். நான் வேறு மாவட்டத்தில் இளநிலை உதவியாளர். போன ஆவணியில் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில், சாத்தூர் பஸ்ஸுக்கு அவள் காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் இதைச் சொன்னாள். ஊர்ப் பெயரை மட்டும் யாரிடமும் சொல்லாதே என்றாள். அவள் சொன்னதைவிட நான் எழுதியிருப்பது நீளம். அவள் விட்டுவிட்டுப் போன இடங்களில் என் பயத்தைப் போட்டு நிரப்பியிருக்கிறேன். எங்கள் இருவர் பயமும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் பெரிய பிழை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பத்து மணிக்கு ஜீப் வரும் என்றார்கள், இப்போது பத்து நாற்பது. மோட்டார் கொட்டகையின் நிழல் ஒரு ஆள் நிற்கிற அகலம்தான், அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் சுவரோடு ஒட்டிக்கொண்டு போகிறது, அவளும் அதோடு சேர்ந்து முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு போகிறாள். ஆடிக் காற்று நெஞ்சோடு அணைத்திருக்கிற கோப்பிலிருந்து தாளைப் பிடுங்கப் பார்க்கிறது. பறக்கட்டுமே என்று ஒரு கணம் தோன்றுகிறது, மூன்று பசலி ஆண்டுக்கான பயிர்க் கணக்கு, அந்த அடங்கல் முழுதும் பறந்துபோய் வடிகால் வாய்க்காலில் விழுந்து ஊறி மை கரைந்து, யார் என்ன எழுதினார்கள் என்றே தெரியாமல் போகட்டுமே, உடனே பயந்து கிளிப்பை அழுத்திப் பார்க்கிறாள், இருக்கிறது. எதிரே புல எண் நூற்றுப் பதினெட்டு, நஞ்சை, இரண்டு ஏக்கர் பதினான்கு சென்ட். அருகம்புல், கோரை, ஏழு ஆடுகள், இல்லை எட்டு, ஒன்று வரப்புக்குப் பின்னால் படுத்திருக்கிறது. இதைப் பார்த்தால் யாரும் என்ன சொல்வார்கள்? தாசில்தார் ஜீப்பைவிட்டு இறங்காமலே சொல்லிவிடுவார், தரிசு என்று. அவளும் அதைத்தான் எழுதினாள். பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலர் மாதிரி டவுனில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இன்றைக்கு இந்தப் பயம் வேறு மாதிரி இருந்திருக்கும், சோம்பேறித்தனத்துக்குத் தண்டனை என்று தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கலாம். அவள் வந்தாள். இரண்டு மார்கழியிலும் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இதே வரப்பில் நின்று கண்ணால் பார்த்தாள், போட்டோகூட எடுத்தாள். சுற்றிலும் சம்பா இடுப்புயரம் நிற்க இது ஒன்று மட்டும் மழைத் தண்ணீர் தேங்கி வெறுமனே கிடந்தது. சொந்தக்காரர் சென்னையில், மகன் கனடாவில், கவனிக்க ஆளில்லை, பாவம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. பாவம் என்று நினைத்துக்கொண்டே பயிர் என்கிற பத்தியில் தரிசு என்று எழுதினாள், அடுத்த வருடமும் எழுதினாள், அதற்கு முந்தைய பசலியில் அவளுக்கு முன்னால் இருந்தவரும் அதையே எழுதியிருந்தார், அவர் கையெழுத்து அழகாக இருக்கும், அதைப் பார்த்து அவளும் ரி-யைச் சுழித்து எழுதப் பழகினாள்.

அம்மா, இப்புடி வெயில்ல காயாதீங்க, வந்து சைக்கிள் மேல உக்காருங்க என்கிறார் வீரையன். கிராம உதவியாளர், அப்பா வயது. வேண்டாம்ணே என்கிறாள். "ஜீப்பு வர்ற நேரத்துக்கு நீங்க கருவாடாயிருவீங்க, அப்பறம் எங்கடா வியேவோன்னு தாசில்தாரு என்னயத்தான் கேப்பாரு." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்துவைக்கிறாள். வாய்க்கால் மதகின்மேல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சௌந்தர் உட்கார்ந்திருக்கிறார், இந்தப் புலத்தை வாங்கி மனைப்பிரிவு போடப்போகிறவர். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். இதுவரை ஒரு வேண்டாத வார்த்தை பேசியதில்லை, எதையும் நீட்டியதில்லை. வந்ததும் ஒரே ஒரு முறை பக்கத்தில் வந்து, மேடம், நீங்க புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம், எழுதுனத எழுதுனபடி சொன்னா போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதினதை எழுதினபடி. யாராவது பொய் சொல்லச் சொன்னால் மாட்டேன் என்று சொல்வதற்கு எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறாள், குளிக்கும்போது, பஸ்ஸில், வேலையில் சேர்வதற்கு முன்பிருந்தே. என்னால முடியாது சார், மன்னிச்சுக்கோங்க. குரல் நடுங்காமல் வருகிறதா என்று பார்த்துக்கொள்வாள். அந்த வசனத்துக்கு இங்கே இடமில்லை. அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

நஞ்சை நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டுமானால் யாருடைய இசைவு வேண்டும்? மாவட்ட ஆட்சியர். பயிற்சி மையத்தில் சார் சொல்லச் சொல்ல நூற்றிருபது பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எந்த ஆண்டு? இரண்டாயிரத்து இருபது. அதில் வரக்கூடாத தொழில்கள்? உருக்காலை, தோல் ஆலை, எண்ணெய்க் கிணறு, விரலை மடக்கி மடக்கி மனப்பாடம் செய்தாள், அந்தப் பட்டியலில் வீட்டுமனை இருந்ததாக நினைவில்லை. அதனால் வீட்டுமனைக்கு எதிரில் நிற்பது இந்த ஆட்சியர் இசைவு ஒன்றுதான், ஆட்சியர் பார்ப்பது வேளாண்மைத் துறை கருத்து, அவர்கள் பார்ப்பது தாசில்தார் அறிக்கை, தாசில்தார் பார்ப்பது மூன்று வருட அடங்கல், அடங்கலை எழுதுவது யார்? மேலே இருக்கிற எல்லோரும் குனிந்து பார்க்கப் பார்க்க, கடைசியில் அந்தப் பார்வை இந்த வரப்பில் வந்து நிற்கிறது, முப்பத்தாறு அளவு செருப்புப் போட்ட அவள் கால்களில். பதினாறு நாளைக்கு முன்னால் சான்றும் கொடுத்துவிட்டாள். மேற்படி புலத்தில் கடந்த மூன்று பசலிகளாகச் சாகுபடி ஏதும் செய்யப்படவில்லை எனச் சான்றளிக்கிறேன். கையெழுத்து, தேதி, முத்திரை. முத்திரை சாய்ந்துவிட்டதே என்று அன்றைக்குக் கவலைப்பட்டாள். முத்திரை சாய்ந்ததற்கு.

மூன்று நாளைக்கு முன்புவரை கவலை அவ்வளவுதான். எல்லைக்கல் இருக்கிறதா என்று பார்க்க வந்தவள் கொட்டகைப் பூட்டைத் திறந்துகொண்டிருந்த பவுனம்பாளைப் பார்த்தாள். நடவு ஆட்களுக்குத் தலைவி மாதிரி, ஐம்பது வயதிருக்கும், பேசும்போது கண்ணைச் சுருக்கிக்கொள்வாள். "வியேவோம்மா, இந்த மோட்டருக்குக் கரண்டு இருக்கா இல்லியா? ஆடிப் பெருக்கு முடிஞ்சா வெதை ஊறப்போடணும்." எங்க வெதைக்க? என்று கேட்டாள். "இங்கதான், வேற எங்க?" இது தரிசாச்சேக்கா என்று அவள் சொன்னதும் பவுனம்பாள் சிரித்த சிரிப்பு. "தரிசா? நல்லா சொன்னீங்க போங்க. இந்த ஊரு நெல்லு பூரா இந்தத் தரிசுல மொளச்சதுதாம்மா. நாத்தங்காம்மா இது, ஊருக்கே நாத்தங்கா." சென்னைக்காரர் இங்கே விவசாயம் பண்ணினவரை அவரே போட்டாராம், போன பிறகு போட்டுக்கங்க என்று சாவியைக் கொடுத்துவிட்டாராம், எழுத்து கிடையாது, குத்தகை கிடையாது. ஆவணியில் விதை விட்டு இருபத்தஞ்சு முப்பது நாள், பிறகு பறித்துச் சின்னச் சின்னக் கட்டாக முடி கட்டி ஊர் வயல் பூராவுக்கும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் மார்கழில வந்தப்ப காலியாத்தானக்கா கெடந்துச்சு என்றாள் அவள். "நாத்தப் பறிச்சதுக்கப்பறம் என்னம்மா கெடக்கும்? பொண்ணக் கட்டிக் குடுத்த வூட்டுல வந்து நின்னுகிட்டு பொண்ணு எங்கன்னு கேட்டா?" சரி, அவரவர் வயலில் நாற்றங்கால் போட்டால் என்ன? பவுனம்பாள் பொறுமையாகத்தான் சொன்னாள். "எங்க வயல்ல தோண்டுனா உப்பு. ஆத்துத் தண்ணி இங்க எட்டிப் பாக்க பொரட்டாசி ஆவும். அதுக்கப்பறம் வெதைச்சு, அது மொளச்சு ரெண்டு எல விடுறதுக்குள்ள ஐப்பசி மழ வந்து முக்கிப்புடும். நாத்து ரெடியா இருந்தாத்தான் தண்ணி வந்த அன்னிக்கு நட முடியும். நல்ல தண்ணி இந்த மேட்டுல, இந்தப் போருலதான்." பிறகு கண்ணைச் சுருக்கி, ஏன் கேக்குறீங்க, விக்கப்போறாங்களா என்றாள். தெரியலக்கா என்றாள் மாரீஸ்வரி. கோப்பு அப்போதும் கையில்தான் இருந்தது.

தெரியலக்கா. அது பொய். ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் பொய் சொல்லச் சொல்கிறவர்களுக்கு, இதை அவளாகவே சொன்னாள், யாரும் கேட்காமல். வாய் தானாகச் சொல்லிவிட்டது, பயந்த வாய். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் இரண்டு மாதம். தவறான சான்று கொடுத்ததாக ஒரு குறிப்பாணை வந்தால், பதினேழு பி, அலுவலகத்தில் அந்த எண்ணைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள், நோயின் பெயரைச் சொல்வது போல. அப்பா அவள் அடையாள அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் பண்ணி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். தெருவில் யாராவது மகளைப் பற்றிக் கேட்டால் கெவர்மெண்டு என்று மட்டும் சொல்வார், வேலைக்குப் போகிறாள் என்றுகூடச் சொல்வதில்லை, அவளே கெவர்மெண்டு. அவளுக்குத் தாகமாக இருக்கிறது. தண்ணீர் பாட்டில் வண்டியில் இருக்கிறது, வண்டி சௌந்தருக்குப் பக்கத்தில் நிற்கிறது, போய் எடுத்தால் பேச வேண்டியிருக்கும். வீரையண்ணே என்று கூப்பிடுகிறாள். பவுனம்பாள் அக்கா இன்னைக்கு இந்தப் பக்கம் வருவாங்களா? பவுனம்பாள் வந்து தாசில்தார் முன்னால் அந்தக் குரலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவள் வாயைத் திறக்காமலே முடிந்துவிடும், விசாரணையில் தெரியவந்தது என்று எழுதிக்கொள்ளலாம். "அது நூறு நாள் வேலைக்குல்ல போயிருக்கு. ஏம்மா, சாட்சிக்கா?" அவர் சாதாரணமாகத்தான் கேட்கிறார், அவள்தான் அவசரமாகப் பேச்சை மாற்றுகிறாள். அண்ணே, இது நாத்தங்கால்னு ஒங்களுக்குத் தெரியுமா? "தெரியாம? போன வருசம் நானே அந்த மூலையில ஒரு மூட்ட வெதை விட்டேனே." பின்ன ஏம்ணே எங்கிட்ட சொல்லல? வீரையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசிக்கிறார். "நீங்க கேக்கலியேம்மா. வரப்புல நின்னுகிட்டு, இது காலியாத்தான கெடக்குன்னு கேட்டீங்க. கெடக்குதேன்னு சொன்னேன்."

காலியாத்தானே கிடக்கு. ஆமாம், அப்படித்தான் கேட்டாள். நிலம் என்றால் என்ன என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சாத்தூரில் அவள் பார்த்த மண் கரிசல், அதுவும் பஸ் ஜன்னலிலிருந்து. நெல் விதைத்த இடத்திலேயே விளையும் என்றுதான் நினைத்திருந்தாள், நடவு என்றால் எதை நடுகிறார்கள், அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, பிஎஸ்ஸி கணிதம், எண்பத்தொரு சதவீதம். சரி, இப்போது தெரிந்துவிட்டது, திருத்தி எழுதலாம் என்றால் என்னவென்று எழுதுவது? நேற்றெல்லாம் மனம் இங்கேதான் வந்து வந்து இடறியது, இப்போதும் இடறுகிறது. முப்பது நாள் நாற்று சாகுபடியா? அடங்கலில் பயிர் என்று ஒரு பத்தி, விளைச்சல் என்று ஒரு பத்தி. இங்கே அறுப்பே இல்லை, அறுப்பு இல்லாததற்கு விளைச்சல் எப்படி எழுதுவது? இங்கே முளைத்த நெல்லை நூற்று இருபத்தொன்றிலும் நூற்று இருபத்திரண்டிலும் ஏற்கெனவே சம்பா என்று எழுதியாகிவிட்டது. இங்கேயும் நெல் என்று எழுதினால் ஒரே நெல்லை இரண்டு தரம் எழுதின மாதிரி ஆகாதா, அதுவும் ஒரு தவறான பதிவுதானே, ஒரு தவறைத் திருத்த இன்னொரு தவறா? இப்படி யோசிக்கிறபோது மனசுக்குக் கொஞ்சம் சுகமாகக்கூட இருக்கிறது. விதி இடம் கொடுக்கவில்லை, நான் என்ன செய்ய. அந்தச் சுகத்தைக் கண்டதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. தனக்கு வசதியாக இருக்கிற நேர்மை எப்படிப்பட்ட நேர்மை?

ஒரு ஆடு கத்துகிறது. நிழல் முழங்கை அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. தீக்குச்சி ஞாபகம் வருகிறது, ஏன் இப்போது என்று தெரியவில்லை, கொட்டகை மரக்கதவின் வாசனையாக இருக்கலாம், காய்ந்த மரத்தூள் வாசனை. சாத்தூர் வீட்டுக்குக் காலையில் தீப்பெட்டிக் கம்பெனி வண்டி வந்து மரச்சட்டங்களையும் குச்சி மூட்டையையும் இறக்கிவிட்டுப் போகும். அம்மா குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தின் பள்ளங்களில் அடுக்குவாள், கை ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மணிக்கு வண்டி திரும்ப வந்து அடுக்கின சட்டங்களை ஏற்றிக்கொண்டு போய்விடும், மருந்து தோய்ப்பது, பெட்டியில் போடுவது, படம் ஒட்டுவது எல்லாம் வேறு இடத்தில். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு நாள் நாலு மணிக்குக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார், கழுத்தில் அட்டை, கையில் பெரிய தாள். அம்மா வீட்டைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, முகம் கழுவிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா வேலை பாக்கீங்க? அம்மா அவரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். "நான் சும்மாதான் சார் இருக்கேன்." அவர் எழுதிக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை, வந்தார், கண்ணால் பார்த்தார், வீட்டில் ஒரு குச்சிகூட இல்லை. அம்மா நாளெல்லாம் அடுக்குவா சார் என்று சொல்ல ஒன்பது வயது மாரீஸ்வரிக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்த அட்டையைப் பார்த்துப் பயம். அவர் போன பிறகு, ஏம்மா அப்படிச் சொன்ன என்று கேட்டாள். "பின்ன என்னன்னு சொல்லட்டும்? வந்து பாத்தாகல்ல, சும்மாத்தான இருக்கேன்?" அம்மாவின் விரல் நுனிகளில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மிஷின் இன்றைக்கும் அம்மா விரலை எடுப்பதில்லை, எச்சில் தொட்டு, துடைத்து, நாலு விரலையும் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். இப்போது அவள் கழுத்தில்தான் அட்டை தொங்குகிறது, காற்றில் திரும்பித் திரும்பி சட்டைப் பொத்தானில் தட்டிக்கொண்டே இருக்கிறது, அதைப் பிடித்துக் கோப்புக்கு அடியில் செருகுகிறாள்.

தூசி தெரியுதும்மா, வந்துட்டாங்க என்கிறார் வீரையன். சௌந்தர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டுகிறார். தூசிக்குள் ஜீப் இன்னும் தெரியவில்லை, சத்தம் கேட்கிறது, பாலத்தில் ஏறி இறங்கும் சத்தம். அண்ணே, போன வருசம் எத்தன மூட்ட வெதை இங்க விட்டாங்க? வேகமாகக் கேட்கிறாள். வீரையன் அவளை ஒரு மாதிரி பார்க்கிறார். "மொத்தமா? நாப்பதுக்கு மேல இருக்கும்." அதுக்கு முந்துன வருசம்? "அதே அளவுதான்." அதுக்கும் முந்தி? "அதுக்கும் முந்தி நீங்க இல்லியேம்மா, ஒங்களுக்கு எதுக்கு அது?" அது சரிதான், அவள் இல்லை, அந்தப் பசலி அழகான கையெழுத்துக்காரருடையது, அவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார், அவர் கண்ணால் என்ன பார்த்தார் என்று அவளுக்குத் தெரியாது. எந்தெந்த நம்பருக்கு நாத்து போச்சுண்ணே? "என்னம்மா இது, பொண்ணு பாக்க வந்த மாதிரி கேட்டுகிட்டே போறீங்க? இந்த வாய்க்காலுக்கு வடக்க அம்புட்டும்தான்." தாசில்தார் காலையில் போனில் சொன்னது காதில் ஓடுகிறது, மாரீஸ்வரி, அசல் அடங்கலை எடுத்து வந்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. அஞ்சு நிமிஷம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கிறது. சார், ஒரு நிமிஷம். இல்லை, சார் நான் ஒன்று சொல்லணும். இல்லை, முதலில் வணக்கம். வணக்கம் சொல்லிவிட்டு உடனே சொல்ல வேண்டும், அவர் வாயிலிருந்து தரிசு என்கிற வார்த்தை வருவதற்கு முன்னால், வந்துவிட்டால் அப்புறம் அவரை மறுத்துப் பேசின மாதிரி ஆகிவிடும். பையில் கையை விட்டுப் பேனாவைத் தேடுகிறாள். நீலம். நீலம். திருத்தத்துக்கு வேண்டிய சிவப்பு எங்கே போனது? ஜீப் வந்து நிற்கிறது. ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேய்கின்றன. கதவு திறக்கிறது.

இந்த இடத்தில் சாத்தூர் பஸ் வந்துவிட்டது. உட்கார இடம் பிடிக்க ஓடினாள், ஜன்னல் வழியாகக் கையாட்டி, அப்பறம் சொல்றேன் என்றாள். அப்புறம் நாங்கள் நாலைந்து தடவை பேசியிருக்கிறோம், விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக்கூடப் பேசினோம். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றேன் என்று அவள் சொல்லிவிட்டால், அதைத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். கார்த்திகையில் ஒரு நாள், தகவல் உரிமைச் சட்டப்படி, கட்டண வில்லை ஒட்டி, அந்தப் புலத்தின் மூன்று பசலி அடங்கல் நகல் கேட்டு மனு அனுப்பினேன். முப்பத்தேழாம் நாள் வந்தது. முதல் பசலியில் அழகான கையெழுத்தில் தரிசு என்று இருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை. அடுத்த இரண்டு பசலியிலும் தரிசின்மேல் ஒரு கோடு, அதற்கு மேலே நெல் நாற்றங்கால், பக்கத்தில் அவள் சுருக்கொப்பம், தாசில்தார் சுருக்கொப்பம், ஆடி மாதத்து அந்தத் தேதி. நகல் கறுப்பு வெள்ளை, அதனால் சிவப்புப் பேனா கிடைத்ததா என்று தெரியவில்லை. விளைச்சல் பத்தியில், கட்டத்துக்குள் அடங்காமல் ஓரம்வரை நெருக்கி எழுதியிருக்கிறாள்: புல எண்கள் 121 முதல் 164 வரை காண்க.